மூன்று பேருக்கு ஒரே இலை

என் மாமியாரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லப் போகிறேன். மாமியாரைப் புகழும் மருமகளை ஊர் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும். பார்த்துவிட்டுப் போகட்டும். எனக்குத் தோன்றியதைச் சொல்லாமல் விழுங்கிப் பழக்கமில்லை. அவரைத் திட்ட வேண்டிய நேரத்தில் முகத்துக்கு நேராகவே திட்டியிருக்கிறேன், அவரும் வட்டியோடு திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

தொண்ணூற்றொன்றில் எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவள். மெட்ராஸ்காரி என்ற திமிரை மூட்டை கட்டிக்கொண்டு மண்ணூரில் குடித்தனம் செய்ய வந்திருந்தேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாலையோரத்தில் ஒன்றிரண்டு கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றில் என் வீட்டுக்காரர் மிஷின் லைனில் வேலைக்கு நின்றார். அதே கம்பெனிக்குத் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள் நிறையப் பேர் வந்து, ஊருக்குள் ரூம் எடுத்துத் தங்கியிருந்தார்கள். கேன்டீன் கிடையாது. மத்தியானச் சாப்பாட்டை வெளியில் யாரிடமாவது சொல்லி எடுக்கலாம் என்று சூப்பர்வைசர் யோசிப்பதாக இவர் ஒருநாள் வந்து சொன்னார். சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். திரும்பி வருவதற்குள் மாமியார் முடிவு செய்துவிட்டார்.

மாமனார் போய்ச் சேர்ந்து, நிலமும் கம்பெனிக்குப் போன பிறகு அவர் கைக்கு வேலையில்லை. அறுப்பு நாளில் ஆளுங்களுக்கெல்லாம் தனியாளாக நின்று ஆக்கிப் போட்ட கை அது. இப்போது மூன்று பேருக்குச் சோறு வடிப்பதோடு அவர் நாள் முடிந்துவிடும். மகனிடம் வெற்றிலைக்கென்று கேட்கக் கூசி, வெற்றிலை போடும் பழக்கத்தையே விட்டிருந்தார். பல் வலி என்று எங்களிடம் சொன்னார். பல்லாவது வலியாவது, கரும்பைக் கடித்துத் துப்பும் பல் அது.

கம்பெனிக்கு அவரே நடந்துபோய்க் கேட்டார். சூப்பர்வைசர் ஒருநாள் ஆக்கிக் கொடுத்துப் பாருங்கள் என்றார். ஒரு வியாழக்கிழமை, தன்னால் முடிந்ததில் உசத்தியான சமையலைச் செய்து அனுப்பினார். கத்தரிக்காயும் மொச்சையும் போட்ட காரக்குழம்பு, பருப்பு, கீரை. இரண்டு பெரிய அடுக்கு கேரியரில் நிரப்பி, இவர் சைக்கிளில் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு போனார்.

சாயங்காலம் கேரியர் திரும்பி வந்தது. மாமியார் திறக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்து லேசாகத் தூக்கினார், கீழே வைத்துவிட்டார். முக்கால்வாசிச் சாப்பாடு அப்படியே உள்ளே இருந்தது அவருக்கு எடையிலேயே தெரிந்துவிட்டது. பையன்கள் குறை ஒன்றும் சொல்லவில்லையாம், பசியில்லை என்றார்களாம். காலையிலிருந்து மிஷினில் நின்றவனுக்கு மத்தியானம் பசியில்லை என்றால் என்ன அர்த்தம்? அவங்க ஊர்ச் சாப்பாடு மாதிரி இல்லை என்று ஒருத்தன் மட்டும் இவரிடம் வாய்விட்டிருக்கிறான். சூப்பர்வைசர் நல்ல மனுஷர்; திங்கட்கிழமை இன்னொரு தடவை பார்க்கலாம், பையன்கள் கறிக்குழம்பு கேட்கிறார்கள், அதுவும் சரிவரவில்லையென்றால் டவுனில் ஒரு ஓட்டலுக்குச் சொல்லிவிடுவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

மாமியார் குழம்பையும் சோற்றையும் மாட்டுத் தொட்டியில் கொட்டினார். மாடு ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டது. அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்றைக்கே பக்கத்து வீட்டு அக்கா வந்துவிட்டார். அவர் கத்தோலிக்கக் குடும்பம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர் ஒன்றுதான். அந்தச் சுவருக்கு மேலே பாத்திரங்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். அதில் ஒரு சட்டம் உண்டு: வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது. ஒன்றும் இல்லையென்றால் ஒரு கைப்பிடி உப்பாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். நான் வந்த புதிதில் ஒரு கிண்ணத்தைப் பளபளவென்று தேய்த்து வெறுங்கிண்ணமாக நீட்டி, மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

மாமியார் அக்காவிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். தெற்கத்தி ஆட்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கண்ணால் பார்க்காமல் எப்படி ஆக்குவது, மெட்ராஸ் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். அக்கா உடனே சரி என்றார். எனக்குக் குஷி தாங்கவில்லை. மெட்ராஸ் என் ஊர். யார் வழிகாட்டி, யார் பின்னால் வரப்போகிறார்கள் என்று மனதுக்குள் ஒரு ஊர்வலமே நடத்திவிட்டேன்.

எந்த நாள் போவது என்பதில்தான் பேச்சு. அது புரட்டாசி மாசம். மாமியார் மாசம் முழுக்கக் கறி மீன் தொடமாட்டார், சனிக்கிழமைகளில் ஒருபொழுது. "சனிக்கெழம வேணாங்க்கா, உங்களுக்கு விரதம்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. "ஞாயித்துக்கெழம வேணாம்மே, உனக்கு கோயிலு கீது" என்றார் மாமியார். ஒருத்தர் நாளை இன்னொருத்தர் காப்பாற்றிக்கொண்டே வந்ததில் மிச்சமிருந்தது வெள்ளி. விடிந்தால் வெள்ளி. நானே கறி ருசி பார்க்கிறேன், நீங்கள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்ளுங்கள் என்று அக்கா மார்தட்டினார். எல்லோரும் திருப்தியாகத் தூங்கப் போனோம்.

முதல் பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர், அங்கிருந்து பூந்தமல்லி வழியாகப் பாரிமுனை. மாமியார் மடியில் ஒரு துணிப்பை; வழிக்கென்று அவித்த வேர்க்கடலை. இறங்கியதும் நான் தலைமை ஏற்றேன். எனக்குத் தெரிந்த பெரிய ஓட்டலுக்குக் கூட்டிப் போனேன். கண்ணாடி போட்ட மேஜை, தலைக்கு மேலே விசிறி, வெள்ளை உடுப்பில் சர்வர். சைவ ஓட்டல் என்பதால் மூவரும் இட்லி சாப்பிட்டோம். மாமியார் சட்னியை விரலால் தொட்டார், சாம்பாரை மூக்கருகில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். சர்வர் என்னைப் பார்த்தான். எனக்கு மானம் போயிற்று. அத்தை, இங்கெல்லாம் அப்படி மோந்து பார்க்கக் கூடாது என்று காதோரம் சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

வெளியே வந்ததும் தீர்ப்புச் சொன்னார். சாப்பாடு பிரமாதம், குறை சொன்னால் நாக்கு அழுகும், ஆனால் இது ஊர் சுற்ற வந்தவங்க சாப்பாடு. இங்கே மூட்டை தூக்குகிறவனும் கடையில் நிற்கிறவனும் எங்கே சாப்பிடுகிறான்? எனக்குத் தெரியவில்லை. பிறந்து வளர்ந்த ஊரில் அது எனக்குத் தெரியாது என்பதே அப்போதுதான் தெரிந்தது. எரிச்சலில், பாண்டி பஜார் போகலாமா என்று கேட்டேன். அக்கா களுக்கென்று சிரித்தார்.

கொத்தவால் சாவடிக்குப் போனோம். மழை பெய்து ஓய்ந்த சேறு, அழுகிய தக்காளி வாடை, எதிரும் புதிருமாகக் கைவண்டிகள். ஓரம் போ, ஓரம் போ என்று நாலாபக்கமும் கத்தல். நான் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கால் வைக்க இடம் தேடினேன். மாமியார் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு இறங்கிவிட்டார். அந்தச் சேற்றில் அவர் நடந்த நடையை நான் மறக்கவே மாட்டேன். சந்தைக்கே சொந்தக்காரி மாதிரி. சின்ன வெங்காயத்தை ஒரு கை அள்ளி உரசிப் பார்ப்பார், தேங்காயைக் காதோரம் ஆட்டுவார், கடைக்காரன் விலை சொன்னால் ஒரு வார்த்தை பதில் பேசாமல் அடுத்த கடையைப் பார்ப்பார். கடைக்காரனே கூப்பிட்டுக் குறைப்பான். பேரம் என்றால் வாய் என்று நினைத்திருந்தேன் நான்.

தேங்காய்க் கடையில் கணக்குப்பிள்ளை மாதிரி நின்றிருந்தவர் பேச்சு தெற்கத்திப் பேச்சாக இருந்தது. மாமியார் பளிச்சென்று கேட்டார்.

"ஏன் நைனா, உங்க ஊரு ஆளுங்க மத்தியானத்துக்கு எங்க துன்றீங்க?"

அவர் சிரித்துவிட்டு இரண்டு சந்து தள்ளி ஒரு மெஸ்ஸைச் சொன்னார். போர்டு கிடையாது, மாடிப்படி குறுகலாக இருக்கும், வாசனையைப் பிடித்துக்கொண்டே ஏறலாம் என்றார்.

அப்படியேதான் இருந்தது. மாடியில் நீள மேஜையும் பெஞ்சும் போட்ட ஒரே அறை. உட்கார்ந்திருந்தது அத்தனையும் கடைச் சிப்பந்திகள், லாரி ஆட்கள். தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். பெண்கள் என்று நாங்கள் மூன்று பேர்தான். மூலையில் இடம் கொடுத்தார்கள். அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு, இலை போடச் சொல்லி, கறிக்குழம்பு கேட்டார். சோறு வந்தது, குழம்பு வந்தது. அக்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கியவர், தூக்கியபடியே நின்றார்.

"ஐயோ அக்கா. இன்னிக்கு வெள்ளிக்கெழம."

வேளாங்கண்ணி மாதாவுக்கு வேண்டிக்கொண்டு எல்லா வெள்ளியும் கறியை விட்டவர் அவர். ஊருக்கே தெரியும். மாமியாருடைய சனிக்கிழமையைக் காப்பாற்றும் அவசரத்தில் தன் வெள்ளிக்கிழமையைக் கோட்டை விட்டிருந்தார். மாமியாரும் அவருடைய ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்தாரே தவிர இதை யோசிக்கவில்லை. நடுவில் குழம்பு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஒருத்தருக்கு வெள்ளி, ஒருத்தருக்குப் புரட்டாசி. கறிக்கரண்டி படாத பண்டம் அந்த மெஸ்ஸில் எதுவும் இருந்திருக்காது என்பதால் இரண்டு பேரும் ரசம்கூட வேண்டாம் என்றார்கள்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

எனக்கும் புரட்டாசிதான். அதாவது, அந்த வீட்டு மருமகளாக வந்ததால் புரட்டாசி. எங்கள் அப்பா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கறிதான், மாசமெல்லாம் பார்த்ததில்லை. ரெண்டு வாரமாகக் கறிவாடையே இல்லாமல் நான் கத்தரிக்காயை முறைத்துக்கொண்டிருந்தது மாமியாருக்கும் தெரியும். இருந்தாலும் அவர் எதிரில் உட்கார்ந்து எப்படி? இலையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தேன். அவர் இலையை என் பக்கம் நகர்த்தினார்.

"துன்னு. பெருமாளாண்ட நான் சொல்லிக்கிறேன். பாவம் வந்தா என் தலையில வரட்டும்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நாற்பது வருஷமாக ஒரு புரட்டாசிகூடத் தவறவிடாதவர், பெருமாள் கோயில் இருக்கும் திசை தெரியாத அந்த மாடியில், தோராயமாக ஒரு பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்தக் கேரியர் அவருக்கு எவ்வளவு பெரியது என்று எனக்கு உறைத்தது அப்போதுதான். சாப்பிட்டேன். ரொம்ப நன்றாக இருந்தது, அதை மறைக்க முடியாது.

அதோடு விட்டாரா? எதிரில் உட்கார்ந்துகொண்டு விசாரணை. எப்படி இருக்கிறது என்றார். நல்லா இருக்கு என்றேன். காரம் எப்படி? நல்லா இருக்கு. தேங்காய் தெரிகிறதா? தெரியுது, நல்லா இருக்கு.

"நல்லா கீதுன்னா இன்னா அர்த்தம்? அத்த நாய்கூட வால ஆட்டி சொல்லும். தொண்டையில எறங்கச்சொல்லோ இன்னா தெரீதுன்னு சொல்லு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நீங்களே சாப்பிட்டுப் பாருங்கள் என்று வாய்வரை வந்தது. அக்கா மேஜைக்கடியில் என் காலை மிதித்தார். மாமியார் அதற்குள் இலைக்கு மேலே குனிந்து, என் சோற்றுக்கு நாலு விரல் உயரத்தில் மூக்கை வைத்துக்கொண்டு மூச்சை இழுத்தார். பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

சமையல்கட்டிலிருந்து மெஸ்காரம்மாவே வந்துவிட்டார். நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, முகம் கடுகடுவென்று. மூன்று பேர் இடத்தை அடைத்துக்கொண்டு ஒரே இலை. அதிலும் ஒருத்தி கெட்டுப்போனதா என்று மோந்து பார்க்கிறாள். யாருக்குத்தான் பொறுக்கும்?

"என்னக்கா, சாப்பாட்டுல எதும் கொறையா? சாப்பிடாம மோந்து பாத்துட்டு இருக்கிய?"

நான் ஏதாவது சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். மாமியார் எழுந்து நின்று உள்ளதைச் சொல்லிவிட்டார். புரட்டாசி, வெள்ளி, கம்பெனிப் பையன்கள், எல்லாம். கேரியர் திரும்பி வந்ததைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது. அவ்வளவு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்களே என்ற கூச்சம் கொஞ்சமும் இல்லை. எனக்கு என்றால் அந்த வார்த்தையை அந்நியர் முன்னால் சொல்ல நாக்கு வந்திருக்காது. மெஸ்காரம்மா இடுப்பில் இருந்த கையை எடுத்தார்.

"ஆக்குன சோறு திரும்பி வந்தா பெத்த புள்ளைய யாரோ அடிச்ச மாதிரில்லா இருக்கும்," என்றார். "அடுப்படிக்கு வாங்க."

கூட்ட நேரத்தில், நாளைக்குப் போட்டிக்கு வரமாட்டாள் என்று என்ன நிச்சயம் என்று யோசிக்காமல், முன்பின் தெரியாத ஒருத்தியைத் தன் அடுப்பு வரைக்கும் கூட்டிப் போனார் அந்த அம்மா. அவரையும் நான் கும்பிட்டுத்தான் ஆக வேண்டும். மாமியார் கரண்டியைத் தொடவில்லை. அடுப்புக்கு அருகில் கைகட்டி நின்று, குழம்பு ஒவ்வொரு கொதியாக வரும்போது மூச்சை இழுத்தார். தேங்காயை மல்லியோடு சேர்த்து அரைக்கவில்லை அல்லவா, சோம்பு வைத்துத் தனியாக அரைத்துக் கடைசியில் விட்டு, ஒரு கொதியில் இறக்கிவிட்டீர்கள் அல்லவா என்று கேட்டார். மெஸ்காரம்மா என்னைப் பார்த்து, இவங்களுக்கு எதுக்கு நாக்கு என்றார். புளி ஊற்றக் கூடாது, சோறு குழையக் கூடாது, எங்க பையன்களுக்குச் சோறு ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க வேண்டும் என்று இன்னும் இரண்டு சொன்னார். கிளம்பும்போது வறுத்து அரைத்த மசாலாவை ஒரு சின்னத் தூக்கில் போட்டுக் கொடுத்தார்.

மாமியார் மசாலாவை இலையில் மாற்றிக் கட்டிக்கொண்டு, தூக்கு நிறைய எங்கள் வேர்க்கடலையைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். மத்தியானப் பசிக்கு இருந்தது அது ஒன்றுதான். பஸ்ஸில் அவர்கள் இரண்டு பேரும் பட்டினி. நான் மட்டும் வயிறு நிறைந்து தூங்கி வழிந்தேன்.

புரட்டாசியில் எங்கள் வீட்டில் கறி வேகக் கூடாது. அதில் மாமியார் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. அதனால் திங்கட்கிழமை சோறு எங்கள் அடுப்பில், கறி பக்கத்து வீட்டு அடுப்பில். அக்காவின் வீட்டுக்காரர் விடிவதற்குள் ஸ்ரீபெரும்புதூர் போய்க் கறி வாங்கி வந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் மாமியார் நின்றார், அந்தப் பக்கம் அக்கா கிளறினார். நான் சுவரை ஏறி ஏறிக் குதித்தேன். அடி பிடிக்குது கிண்டு, வெங்காயம் இன்னும் வதங்கணும், இப்ப தேங்காய ஊத்து என்று மூக்காலேயே சமைத்தார் அந்த மனுஷி. அன்றைக்குத் திங்கள் என்பதால் அக்கா உப்பு பார்க்கலாம். பார்த்துவிட்டுச் சுவருக்கு மேலே தலையை மட்டும் ஆட்டினார்.

சோறு ஒரு கேரியரில், குழம்பு ஒரு கேரியரில். இவர் சைக்கிளில் ஏறிப் போனார். அதற்கப்புறம் மாமியார் ஒரு வேலையும் செய்யவில்லை. பெருக்கின வாசலையே மறுபடி பெருக்கினார்.

ஷிஃப்ட் முடிந்து இவர் வந்தார். நல்லதோ கெட்டதோ ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே? சொல்லமாட்டார். சைக்கிளை நிறுத்தினார், கேரியர் இரண்டையும் இறக்கி வைத்தார், கால் கழுவக் கிணற்றடிக்குப் போய்விட்டார். அந்த முதுகைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் அடங்கவில்லை.

மாமியார் சோற்றுக் கேரியரைத் தூக்கினார். பொசுக்கென்று மேலே வந்தது. காலி. அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். குழம்புக் கேரியரைத் தூக்கினார். கனத்தது. பாதி தூக்கியதை அப்படியே கீழே வைத்தார்.

சோற்றை மட்டும் வேறு எதையோ ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறார்கள். குழம்பு திரும்பிவிட்டது. மாமியார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கையைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பக்கம் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாட்டுத் தொட்டியில் கொட்டுவதையாவது நான் செய்வோம் என்று கேரியரை எடுத்துக் கொக்கியைத் தட்டினேன்.

மேல் அடுக்கு காலி. கழுவித் துடைத்திருந்தது. அடுத்த அடுக்கும் அப்படியே. மூன்றாவதிலும் கடைசியிலும் வாய்வரைக்கும் கருப்பட்டி. பனையோலைத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்த, கறுத்த, அரைத் தேங்காய் மூடி மாதிரியான வட்டுக் கருப்பட்டி. அவங்க அவங்க அம்மா ஊரிலிருந்து கட்டிக் கொடுத்து அனுப்பியதை, பையன்கள் ரூமுக்கு ஓடிப் போய் எடுத்து வந்து போட்டிருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

"அத்தை," என்றேன். கேரியரை அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் ஒரு வட்டை எடுத்து மூக்கருகில் வைத்துக்கொண்டார். வியாழக்கிழமை வராத அழுகை அப்போது வந்தது. ஒளிக்கவில்லை, துடைக்கவில்லை, குழந்தை மாதிரி அழுதார். சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவும் அழுதார். அழுதுகொண்டே மாமியார் கருப்பட்டியை அம்மியில் வைத்துக் குழவியால் தட்டி, ஒரு துண்டைச் சுவருக்கு மேலே நீட்டினார், ஒன்றை என் வாயில் திணித்தார், ஒன்றைத் தான் போட்டுக்கொண்டார்.

"இது வெள்ளிக்கும் ஆவும், பொரட்டாசிக்கும் ஆவும்," என்றார்.

கிணற்றடியிலிருந்து இவர் வந்து, என்ன நடக்கிறது என்று தெரியாமல் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, நாளையிலிருந்து தினமும் அனுப்பச் சொன்னார்கள் என்று, வானிலை சொல்வது மாதிரிச் சொன்னார். மாமியார் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வூட்ல தேங்கா கீதா பாரும்மா," என்றார் என்னிடம்.